நிழலில் இருக்கும் முகம்

உச்சிப்பொழுதில் ஒரு சந்தைத் தெரு. சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிந்த ஒருவர் எதிரே வருகிறார். அல்லது கடையின் தாழ்வாரத்துக்குள் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் கண்களுக்கு அவருடைய முகமும் தெரிகிறது. அவருக்குப் பின்னால் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் சுவரும் தெரிகிறது. காமிராவுக்கு அந்த வல்லமை குறைவு. சுவரின் வெளிச்சத்துக்கு அளவை வைத்தால் முகம் கரி பூசியதுபோல் இருண்டுவிடும். முகத்துக்கு வைத்தால் தெரு முழுவதும் வெள்ளையாகக் கரைந்துவிடும். பிலிம் பெட்டிகளோடு கோடக் நிறுவனம் தந்துவந்த குறிப்புத்தாள்களில், ஒரே வேகத்தில், நல்ல வெயிலுக்கு எஃப் 11 என்றும் திறந்த வானத்தின் கீழுள்ள நிழலுக்கு எஃப் 4 என்றும் அளவு குறித்திருப்பார்கள். இடையில் மூன்று படிகள். வெயிலில் நிற்கும் முகத்துக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் நிழலில் இருக்கும் முகத்துக்குக் கிடைக்கிறது என்பது இதன் பொருள்.

உள்ளூரில் படம் எடுப்பவருக்கு இது பெரிய சிக்கலாகாது. மாலை வெயில் சாயும்வரை அவர் காத்திருக்கலாம், நாளையும் வரலாம். பயணிக்கு அந்த அவகாசம் கிடையாது. அவருக்குக் கிடைப்பது ஒரு தெரு, ஒரு மணி நேரம், மொழி தெரியாத ஒரு முகம். ஒளிப்படக்கலை பிறந்த நாளிலிருந்து பயணிகள் இதற்குக் கண்ட வழிகளை மூன்றாகச் சுருக்கலாம். நிழலுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுபோய் வீசுவது ஒன்று. மனிதரைத் தெருவிலிருந்து அழைத்துவந்து முழு நிழலில் அமர்த்துவது மற்றொன்று. ஏற்கெனவே நிழலில் இருப்பவரிடம் தாமே நெருங்கிச் செல்வது மூன்றாவது. மூன்றும் தொழில்நுட்பம் சார்ந்த வழிகள்தாம். ஆயினும் எதிரே இருப்பவரிடம் ஒரு சொல்லும் பேசாமல் முதலாவதைச் செய்துவிட முடியும். இரண்டாவதைச் செய்யவே முடியாது. மூன்றாவது, நெருங்குபவரின் மனத்தைப் பொறுத்தது. இந்த வேறுபாட்டின் வரலாற்றையே இங்கு பார்க்க முயல்கிறோம்.

*

1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகட்டு முறைதான் காமிராவை நெடும்பயணத்துக்குப் பழக்கியது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் ஆகவேண்டும். எனவே பயணி தன்னோடு ஓர் இருட்டறைக் கூடாரத்தையும், ரசாயனப் புட்டிகளையும், சுமைகூலிகளையும் இட்டுச் சென்றார். அந்தத் தகடு நீல ஒளியை விரைவாகப் பற்றிக்கொள்ளும், சிவப்பை அறியாது. திறந்த நிழலில் விழுவதோ வானத்தின் நீல ஒளி. ஆகவே நிழல் அதற்குப் பகையாக இல்லை. மாறாக, மனிதத் தோலின் செம்மையையும் பழுப்பையும் அது உள்ளதைவிடக் கருமையாகவே காட்டிற்று. கருவி எந்த நிறத்தையும் நடுநிலையோடு பார்த்ததில்லை என்பதற்கு இது முதல் சான்று.

எடின்பரோவில் 1837-இல் பிறந்த ஜான் தாம்சன், 1868 முதல் 1872 வரை ஹாங்காங்கை மையமாகக் கொண்டு சீனாவில் இந்தத் தகடுகளோடு அலைந்தார். 1873-74 ஆண்டுகளில் அப்படங்கள் நான்கு தொகுதிகளாக வெளிவந்தன. காமிராவைத் தீய மந்திரக் கருவியாகவும் தம்மை ஆபத்தான மாந்திரீகராகவும் பல ஊர்களில் கருதினார்கள் என்று அவரே எழுதுகிறார். ஆயினும் படம் பதிய நேரம் எடுத்ததால், யாரையும் அவர் அறியாமல் பிடித்துவிட முடியாது. எதிரே இருப்பவர் அசையாமல் இருக்க இசையவேண்டும். அந்த இசைவு விருப்பத்தால் வந்ததா, அச்சத்தால் வந்ததா, காசால் வந்ததா என்பது வேறு கேள்வி. இசைவு இல்லாமல் படம் இல்லை என்பதுவரை உறுதி.

ஊர் திரும்பிய தாம்சன், 1877-78-இல் ஏடால்ஃப் ஸ்மித் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து லண்டன் தெருவாழ்க்கையை மாத இதழ்களாக வெளியிட்டார். அதில் பலரும் அறிந்த படம் ஒரு வாசற்படியில் சாய்ந்திருக்கும் முதிய பெண்ணுடையது. மடியில் ஒரு குழந்தை. அது அவருடையதன்று, காப்பிக்கடையில் வேலைக்குப் போன வேறொரு பெண்ணின் குழந்தை. அன்னியரின் முகத்தை மட்டும் அச்சிடாமல், அவர் யார், எப்படி இந்த வாசற்படிக்கு வந்து சேர்ந்தார் என்பதையும் பக்கத்திலேயே அச்சிட்டது அந்த நூலின் பெருமை.

*

வெளிச்சத்தைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லும் காலம் 1887-இல் தொடங்கியது. அந்த ஆண்டு ஜெர்மனியில் அடால்ஃப் மீத்தேவும் யோஹன்னஸ் கேடிக்கேவும் மக்னீசியத்தை வேறு ரசாயனங்களோடு கலந்து, பற்றவைத்த கணத்தில் பளீரென்று வெடிக்கும் தூளை உருவாக்கினார்கள். நியூயார்க்கில் காவல்துறைச் செய்தியாளராக இருந்த டென்மார்க்காரர் ஜேக்கப் ரீஸ், செய்தித்தாளில் இதைப் படித்ததும் தம் கருவி கிடைத்துவிட்டது என்று கண்டுகொண்டார். அவருடைய பயணம் கடல் கடந்ததன்று. சில தெருக்கள் தாண்டிப் புலம்பெயர்ந்த ஏழைகள் அடைந்துகிடந்த குடியிருப்புகளுக்குள் நள்ளிரவில் சென்றார். இருளில் தூள் வெடித்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்கள் விழிப்பதற்குள் படம் முடிந்தது. இரண்டு முறை கட்டடத்துக்கும் ஒரு முறை தமக்குமே தீ வைத்துக்கொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார். தமிழில் நாம் புகைப்படம் என்று சொல்லும்போது புகையைப் பற்றி யோசிப்பதில்லை. ரீஸின் படங்களில் அந்தச் சொல் அப்படியே பொருந்துகிறது.

1890-இல் வெளிவந்த அவருடைய நூல் நியூயார்க்கின் குடியிருப்புச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். இருந்தும் அந்தப் படங்களில் உள்ள கண்களைப் பாருங்கள். கூசிச் சுருங்கிய கண்கள். என்ன நடந்தது என்று இன்னும் அறியாத கண்கள். அதே தொகுப்பில் மல்பெரி தெருச் சந்தொன்றில் பகலில் எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது. இரண்டு பக்கமும் மனிதர்கள் படியிலும் சன்னலிலும் நின்று நம்மை நேராகப் பார்க்கிறார்கள். ஊரார் அவர்களைக் கொள்ளையர் என்றார்கள். ஆனால் படமெடுக்கிறார்கள் என்று தெரிந்து, எப்படி நிற்பது என்று தாமே முடிவு செய்து நின்றவர்கள் அவர்கள். சந்தின் மங்கிய பகல்வெளிச்சம் தந்த அந்தச் சிறு உரிமையை வெடித்தூள் உறங்கியவர்களுக்குத் தரவில்லை.

தூளின் இடத்தை 1929 முதல் கண்ணாடிக் குமிழ் விளக்கு பிடித்தது. புகையும் தீயும் போயின. கேள்வி போகவில்லை. 1930களின் அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் அது மூன்று படைப்பாளிகளிடம் மூன்று விதமாக வெளிப்பட்டது.

மார்கரெட் பர்க்-ஒயிட், எழுத்தாளர் எர்ஸ்கின் கால்ட்வெலோடு தென்மாநிலங்களில் பயணம் செய்து 1937-இல் நூல் வெளியிட்டார். கால்ட்வெல் குத்தகை உழவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். இவர் விளக்கைப் பொருத்திவிட்டுத் தள்ளியிருந்து காத்திருப்பார். வேண்டிய பாவம் முகத்தில் வந்த கணம், அவர்கள் உணர்வதற்குள், படம் பதிந்துவிடும். இந்த முறையை அவரே நூலின் பின்குறிப்பில் விவரித்திருக்கிறார். படங்களின் கீழே அவர்கள் பேசுவதாக உள்ள வாக்கியங்கள் நூலாசிரியர்கள் தாங்களே எழுதியவை என்பதையும் நூல் மறைக்கவில்லை. முகத்தில் விழுந்த ஒளியும் வெளியிலிருந்து வந்தது. வாயில் வைத்த சொல்லும் வெளியிலிருந்து வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டான 1936-இல் வாக்கர் எவன்ஸ், அலபாமா மாநிலத்தின் ஹேல் மாவட்டத்தில், ஒரு குத்தகை உழவரின் மனைவியான அல்லி மே பரோஸை வீட்டின் பலகைச் சுவரின் முன் நிறுத்தினார். கண்ணைக் கூசவைக்காத சமமான வெளிச்சம். அப்பெண் உதட்டை இறுக்கிக்கொண்டு லென்ஸைப் பார்க்கிறார். நமக்கு எதையும் தந்துவிடக்கூடாது என்ற தீர்மானம்கூட அதில் தெரிகிறது.

அதே 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து வேலையற்றுக் கிடந்தவர்களின் முகாமில், டொரோத்தியா லேங் ஒரு கித்தான் கூடாரத்தை நெருங்கினார். முன்பக்கம் திறந்த கூடாரம் அது. மேலே துணி வெயிலை மறைக்கிறது. முன்னாலிருந்து வானத்தின் வெளிச்சம் முகத்தில் படுகிறது. மூன்று குழந்தைகளோடு ஒரு தாய், கன்னத்தில் விரல் பதித்து எங்கோ பார்க்கிறார். நாம் மேலே சொன்ன மூன்றாவது வழிக்கு இதைவிடப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இல்லை. ஆனால் லேங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற அவருடைய பெயரை உலகம் அறிந்தது 1978-இல்தான். அந்தப் படத்தால் தமக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை என்ற கசப்பு அவருக்குக் கடைசிவரை இருந்தது. மென்மையான ஒளி, மென்மையான நடத்தைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

*

நிழலில் அமர்த்தும் வழியை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள உதவும் ஊர் பெரு நாட்டின் குஸ்கோ. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைக்காற்றில் தூசி குறைவு, வெயில் கூர்மையானது. ஆண்களும் பெண்களும் தொப்பியணிந்தவர்கள். தெருவில் எடுத்தால் நெற்றி முதல் மூக்கு வரை கருநிழல்.

1920 முதல் இவ்வூரில் மார்ட்டின் சாம்பி என்பவர் ஸ்டூடியோ நடத்தினார். கெச்சுவா மொழி பேசும் உழவர் குடும்பத்தில் 1891-இல் பிறந்தவர். சிறுவனாக ஒரு தங்கச் சுரங்கத்தருகே வெள்ளைக்காரர்களின் காமிராவை முதன்முதலில் பார்த்தார். அரேகிப்பா நகரில் மேக்ஸ் வர்காஸிடம் தொழில் பயின்றார். அவருடைய ஸ்டூடியோவில் பகலொளி கண்ணாடி வழியே இறங்கிவரும். திரைச்சீலைகளை இழுத்தும் விலக்கியும் அதை அவர் முகத்துக்கு ஏற்ப அளந்துவிடுவார். மேட்டுக்குடித் திருமணத் தம்பதியும், கிழிந்த உடையணிந்த நெட்டையான மலைவாசி உழவரும் அதே ஒளியில் நின்றார்கள். சாம்பி வெளியூர்களுக்கும் காமிராவைத் தூக்கிக்கொண்டு சென்றவர்தான். ஆனால் சென்ற இடத்தில் அவர்களுடைய மொழியிலேயே அவரால் பேச முடிந்தது.

1948 டிசம்பரில், வோக் இதழுக்காக லிமா நகருக்கு வந்த இர்விங் பென், வேலை முடிந்ததும் தனியாகக் குஸ்கோவுக்குச் சென்றார். ஊரின் நடுவில், கல் பாவிய தரையும் வண்ணம் தீட்டிய பின்திரையும் பகலொளியும் கொண்ட ஒரு ஸ்டூடியோவைக் கண்டார். அதன் உரிமையாளரைக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அனுப்பிவிட்டுச் சில நாட்களுக்கு அதை வாடகைக்கு எடுத்தார். பண்டிகைக்காக மலையிலிருந்து இறங்கிவந்த ஏறத்தாழ 200 பேர் அவர் முன் நின்றார்கள். அவர்களில் பலர் வழக்கமான புகைப்படக்காரரிடம் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள். அங்கே ஓர் அன்னியர் நிற்கிறார். காசு வாங்குவதற்குப் பதிலாக அவரே காசு தருகிறார். இதைப் பென் தம்முடைய 1974-ஆம் ஆண்டு நூலில் சாதாரணச் செய்தியாகச் சொல்லிச் செல்கிறார். நமக்கோ இந்தக் கட்டுரையின் கருவே அந்த வரியில் இருப்பதாகத் தோன்றுகிறது.

அறை அதே அறை. ஒளி அதே ஒளி. திரை அதே திரை. பணம் போகும் திசை மட்டும் மாறியது. அந்தத் திசை மாறியதும் படம் யாருக்குரியது என்பதும் மாறிவிட்டது. காசு கொடுத்தவர் தம் முகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். காசு வாங்கியவர் தம் முகத்தை விட்டுச் சென்றார். பென் எடுத்த குஸ்கோ படங்கள் இருபதாம் நூற்றாண்டின் மகத்தான உருவப்படங்களில் சேர்பவை. வெறுங்காலோடு நிற்கும் அந்த இரண்டு குழந்தைகளின் பெருமிதத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அவர்களுடைய பெயர் படத்தின் தலைப்பில் இல்லை. ஊரின் பெயர் இருக்கிறது.

பென் இதைச் சுரண்டலாகச் செய்தார் என்று நாம் சொல்லவில்லை. 1960களின் பிற்பகுதியிலிருந்து அவர் எடுத்துச் செல்லத்தக்க ஒரு கூடார ஸ்டூடியோவோடு டஹோமி, நேபாளம், காமெரூன், நியூ கினி, மொராக்கோ எனப் பயணம் செய்தார். கூடாரத்தின் உள்ளே அவருடைய நாடும் இல்லை, எதிரே இருப்பவரின் நாடும் இல்லை. இருவருக்கும் பொதுவான ஓர் இடைவெளி என்று அதை அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு. கூடாரத்துக்குள் வர மறுக்க முடியும். ரீஸின் தூள் வெடிக்கும்போது மறுக்க முடியாது. ஆனால் மறுக்கும் உரிமைக்கும் உடைமை உரிமைக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது.

*

உடைமை உரிமை எப்படி இருக்கும் என்பதை மாலி நாட்டின் பமாக்கோவில் பார்க்கலாம். 1948-இல், பென் குஸ்கோவுக்குப் போன அதே ஆண்டில், செய்து கெய்ட்டா என்பவர் அங்கே ஸ்டூடியோ திறந்தார். பெரும்பாலும் முற்றத்துப் பகலொளியிலேயே எடுத்தார். பின்னால் பூ வேலைப்பாடுள்ள துணியைக் கட்டுவார்; முதலில் கட்டியது தம் படுக்கை விரிப்பு. துணியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினார். இன்று ஆய்வாளர்கள் அந்தத் துணிகளைக் கொண்டே படங்களின் காலத்தைக் கணிக்கிறார்கள். ரேடியோ, கைக்கடிகாரம், ஐரோப்பியக் கோட்டு ஆகியவை ஸ்டூடியோவிலேயே இருந்தன. வந்தவர் தாம் எப்படித் தெரியவேண்டுமோ அப்படித் தம்மை அமைத்துக்கொண்டார். கருந்தோலின் மெருகையும், கன்னத்துக் கீறல் அடையாளத்தையும், துணியின் நெசவையும் ஒருசேரக் காட்டும் அந்த ஒளி, படம் எடுத்துக்கொள்பவர் காசு கொடுத்து வாங்கிய ஒளி.

இந்தக் கதைக்கும் ஒரு பின்னுரை உண்டு. 1991-இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் கெய்ட்டாவின் படங்கள் பெயர் அறியாதவர் எடுத்தவை என்ற குறிப்போடு வைக்கப்பட்டன. பிறகு பாரிஸிலிருந்து ஒருவர் பமாக்கோவுக்குச் சென்று அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். 1994-இல் பாரிஸில் தனிக்கண்காட்சி நடந்தது. எதிரே அமர்ந்தவர்களின் பெயர் மட்டுமல்ல, எடுத்தவரின் பெயரே கடல்கடந்த பயணத்தில் உதிர்ந்துபோயிருந்தது.

வண்ணப் பிலிம் வந்தபோது கருந்தோல் முகங்களுக்கு நிழல் இன்னும் அடர்ந்தது. அமெரிக்க ஆய்வகங்களில் வண்ணத்தைச் சரிபார்க்க அனுப்பப்பட்ட மாதிரி அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷெர்லி அட்டை என்பது அதன் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் வேலை முடிந்தது. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு கசப்பான உண்மையைச் சொல்கிறது. பழுப்பு நிறத்தின் நுண்வேறுபாடுகளைப் பிலிம் காட்டவேண்டும் என்ற தேவை கோடக்கில் வலுத்ததற்கு ஒரு காரணம், சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தந்த புகார்கள். மனிதர்களின் முகத்துக்காக எழாத கேள்வி மேசைக்காகவும் நாற்காலிக்காகவும் எழுந்தது.

*

1984-இல் பெஷாவர் அருகிலுள்ள நாசிர் பாக் அகதி முகாமில், பள்ளிக்கூடமாக இருந்த ஒரு கூடாரத்துக்குள் ஸ்டீவ் மெக்கரி நுழைந்தார். ஏறத்தாழ பன்னிரண்டு வயதுச் சிறுமி. கூடாரத் துணியால் மென்மையான வெளிச்சம். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகரஃபிக் அட்டையில் அந்தப் பச்சைக் கண்கள் வெளிவந்தன. ஒளியமைப்பு பற்றிச் சொல்லித் தருபவர்கள் இன்றும் அந்தப் படத்தை நிழலின் மேன்மைக்குச் சான்றாகக் காட்டுவார்கள்.

அச்சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல் அவரைத் தேடிக் கண்ட பிறகே தெரிந்தது. இடையில் பதினேழு ஆண்டுகள். அவரோ அந்தப் படத்தை அதுவரை பார்த்ததேயில்லை. அன்று அன்னிய ஆண் ஒருவர் படமெடுத்ததால் வந்த கோபம்தான் அவருடைய நினைவில் இருந்தது. உலகம் அந்தக் கண்களில் அச்சத்தையும் போரையும் அகதி வாழ்வையும் படித்தது. கோபம் என்ற எளிய சொல்லைப் படிக்கவில்லை. 2016-இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதாகி ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். தாலிபான் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் 2021 நவம்பரில் இத்தாலி அவருக்கு அடைக்கலம் தந்தது. உலகறிந்த முகம் அவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்தது, ஆபத்தாகவும் இருந்தது.

இன்று கைப்பேசிக் காமிரா ஒரே கணத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக இணைத்து, வெளுத்த சுவரையும் இருண்ட முகத்தையும் தானே சமன்படுத்துகிறது. கருந்தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே 2021-இல் கூகிள் தன் கைப்பேசிகளில் ரியல் டோன் என்ற ஏற்பாட்டைச் செய்தது. நூற்றைம்பது ஆண்டுத் தொழில்நுட்பச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. இதை நாம் வரவேற்கவே வேண்டும். ஆனால் அதோடு வேறொன்றும் போயிற்று. நிழலுக்கு அழைப்பதற்காகவாவது பயணி ஒரு காலத்தில் பேசவேண்டியிருந்தது. கையால் சைகை காட்டி, சிரித்து, ஒரு நிமிடம் கெஞ்சி, மறுப்பைக் கேட்டுத் திரும்பவும் வேண்டியிருந்தது. கருவியின் போதாமை மனிதர்களிடையே உண்டாக்கிய உரையாடல் அது. இனி அதைக் கருவி நம்மிடம் கேட்காது. நாமே நினைவு வைத்துக்கொண்டு செய்யவேண்டும். பெயரைக் கேட்பதும், எடுத்ததைக் காட்டுவதும், முடிந்தால் ஒரு பிரதியைச் சேர்ப்பிப்பதும் பெரிய அறச்செயல்கள் ஆகமாட்டா. குஸ்கோவிலும் பமாக்கோவிலும் தெருமுனைப் புகைப்படக்காரர்கள் தம் வாடிக்கையாளரின் கையில் படத்தைக் கொடுத்தனுப்பியதை, அவர்கள் தொழிலின் சாதாரண மரியாதையாகவே கருதினார்கள்.

பழைய உருவப்படங்களைப் பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். முகத்தைப் பார்த்தபின் கருவிழியைச் சற்று உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு வெண்புள்ளி இருக்கும். சன்னலின் ஒளி அகன்ற கட்டமாகத் தெரியும். கூடாரத்தின் வாசல் மங்கிய பட்டையாகத் தெரியும். ஃபிளாஷ் விளக்கு ஊசிமுனைபோல் குத்தி நிற்கும். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார் என்பதை அந்தப் புள்ளி பெரும்பாலும் சொல்லிவிடும். அமர்ந்திருந்தவர் யார் என்பதை அது சொல்லாது. அதற்குப் படத்தின் கீழே யாராவது எழுதியிருக்க வேண்டும்.